இரவு இரண்டு மணிக்குத் திணறும் டேட்டாபேஸ்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

டேட்டாபேஸ் சர்வர் திணறுகிறது என்று யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது, "சரியாக எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதைத்தான். 2.00, 2.30, 3.00 என்று பதில் வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. மனிதர்களால் வரும் சுமை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நிமிட முள் பன்னிரண்டையோ ஆறையோ தொட்ட நொடியில் சுவர் போல எழுந்து நிற்கும் சுமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் லினக்ஸ் தானாகக் கிளப்பும் வேலை இருக்கும்.

கீழே உள்ளவை லினக்ஸில் ஓடும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ் சர்வர்களில் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்த பழுதுகள். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். பெரிய சர்வர் வாங்கும் யோசனை இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே எட்டிப்பார்க்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

நேரம் குறித்து ஓடும் வேலைகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். ரூட் பயனரின் கிரான்டேப் (கிரான் வேலைகளின் பட்டியல்), மற்றப் பயனர்களின் கிரான்டேப்கள், இடிசி கோப்புறைக்குள் உள்ள கிரான்.டி, சிஸ்டம்டி டைமர்கள், செயலிக்குள்ளேயே இருக்கும் ஷெட்யூலர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதன் ஈவென்ட் ஷெட்யூலர் இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கிறது. அதையும் மறக்க வேண்டாம். இந்தப் பட்டியலை எடுக்கும்போது யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று எவருக்கும் தெரியாத ஒரு வேலையாவது வெளியே வரும். இதுவரை வராத இடத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, திணறும் நேரத்தில் யார் உள்ளே இருந்தார்கள் என்ற சாட்சியம். மைஎஸ்கியூஎல்லில் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட், போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி. எந்த இணைப்பு எந்தக் கொயரியை (டேட்டாபேஸுக்கு இடும் கட்டளை) ஓட்டுகிறது என்று இவை காட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வெளியீட்டை நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். காலையில் எழுந்து ஊகிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மூன்றாவதாக, இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களுக்கு (சிறு நிரல்கள்) தனி டேட்டாபேஸ் பயனர் வேண்டும். இணையதளமும் ஸ்கிரிப்டும் ஒரே பயனராக நுழைந்தால் பட்டியலில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. தனிப் பயனர் இருந்தால் அவருக்கு மட்டும் இணைப்பு எண்ணிக்கையையும் கால வரம்பையும் கட்டுப்படுத்தலாம். பின்னால் வரும் பல தீர்வுகள் இதை நம்பியே இருக்கின்றன.

## அறிகுறி 1: மணி தொடங்கும்போதெல்லாம் திணறல், சில நிமிடங்களில் தெளிகிறது

கிரான்டேப்பில் எத்தனை வரிகள் 0 என்று தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். வரியின் முதல் எண் நிமிடத்தைக் குறிக்கும். ஒருவர் "0 * * * *" என்று எழுதுகிறார், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார். பன்னிரண்டு வேலைகள் ஒரே நொடியில் கதவைத் தட்டுகின்றன. அவற்றை 7, 19, 34, 52 என்று பிரித்துப் போட்டாலே பல சர்வர்கள் மூச்சு விடும். ஐந்து நிமிட வேலைகளுக்கும் இதே கதைதான்: "*/5" என்று எழுதியவை எல்லாம் 0, 5, 10 என்று ஒன்றாகவே எழும். ஒன்றை அப்படியே விட்டு, அடுத்ததை "2-59/5" என்று மாற்றினால் அது 2, 7, 12 என்று விலகி ஓடும். சிஸ்டம்டி டைமர் என்றால் ரேண்டமைஸ்டு டிலே செக் என்ற அமைப்பே இந்த வேலையைச் செய்யும்.

பிரித்த பிறகும் தீரவில்லையா? பிராசஸ்லிஸ்டில் ஹோஸ்ட் புலத்தைப் பாருங்கள். ஒரே கொயரி நான்கு வெவ்வேறு ஐபி முகவரிகளிலிருந்து வந்தால், ஒரு செயலி சர்வரைப் படியெடுத்து நான்காக்கியபோது கிரான்டேப்பும் நான்காகிவிட்டது என்று பொருள். வேலையை ஒரே ஒரு இயந்திரத்தில் வையுங்கள், அல்லது அறிகுறி 2இல் சொல்லும் டேட்டாபேஸ் பூட்டைப் போடுங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். சர்வரின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் "நள்ளிரவு 12" என்று நீங்கள் குறித்தது பயனர்களின் பரபரப்பான நேரத்தில் வந்து விழலாம். இரண்டாவது, கிரானில் மாதத்தின் தேதியையும் கிழமையையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டில் ஒன்று பொருந்தினாலே ஓடும். "0 3 1 * 1" என்ற வரி ஒன்றாம் தேதியும் ஓடும், எல்லாத் திங்கட்கிழமையும் ஓடும். மாதாந்தர ரிப்போர்ட் ஒன்று மாதத்துக்கு ஐந்து முறை ஓடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணமாக இருந்தது.

இந்த அறிகுறிக்கு எந்த நிபுணரையும் அழைக்கத் தேவையில்லை.

## அறிகுறி 2: சுமை ஏறிக்கொண்டே போகிறது, தானாக இறங்குவதில்லை

ஒரு நாள் அதிகாலையில் நான் திறந்து பார்த்த பிராசஸ்லிஸ்டில் ஒரே கொயரி பதினொரு வரிகளில் இருந்தது. அவற்றின் டைம் புலத்தில் இருந்த எண்கள்: 3300, 3000, 2700, 2400 என்று இறங்கி, கடைசியில் 300. எல்லாம் சரியாக 300 நொடி இடைவெளி. அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் வேலை, ஐந்து நிமிடத்துக்குள் முடியாமல் போன முதல் முறையிலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தது.

முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை. நேரம் வந்தால் அடுத்ததைக் கிளப்பிவிடும். இரண்டாவது வந்ததும் முதலாவது இன்னும் மெதுவாகும், மூன்றாவது வந்ததும் இரண்டுமே தவழும்.

அப்போதைக்கு. முதலில் கிரான்டேப் வரியின் முன்னால் # போட்டு நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டுக் கொயரிகளைக் கொல்லத் தொடங்குபவர்கள் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பிறகு, படிக்க மட்டும் செய்யும் கொயரிகள் என்றால் மிகப் பழையதை விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்துங்கள்; பழையது முடியும் நிலையில் இருக்கலாம். ஸ்கிரிப்டைக் கொன்றால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் செத்த பிறகும் கொயரி சர்வருக்குள் ஓடிக்கொண்டே இருக்கலாம், ஏனென்றால் விடையை அனுப்ப முயலும்போதுதான் மறுமுனையில் ஆள் இல்லை என்று சர்வருக்குத் தெரியவரும். மைஎஸ்கியூஎல்லில் கில் கட்டளை, போஸ்ட்கிரெஸில் பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் என்று டேட்டாபேஸுக்குள்ளேயே நிறுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் பிராசஸ் ஒன்றை லினக்ஸின் கில் -9 கொண்டு அடித்தால் மற்ற எல்லா இணைப்புகளும் சேர்ந்து விழும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எழுதும் கொயரி என்றால் நிதானம் வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் இயல்பு சேமிப்பு முறையான இன்னோடிபி டேபிளில் ஒரு மணி நேரம் மாற்றிய வரிகளைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோக அதே அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ரோல்பேக் எனப்படும் இந்தத் திரும்பல் ஓடும்போது பொறுமையிழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயனில்லை. எழுந்தவுடன் விட்ட இடத்திலிருந்து அதே ரோல்பேக் தொடரும், இடையில் தளம் முழுவதும் நின்றதுதான் மிச்சம். போஸ்ட்கிரெஸில் ரத்து உடனே நடந்துவிடும், ஆனால் செத்த வரிகள் (இனி எவருக்கும் பயன்படாத வரிப் பதிப்புகள்) டேபிளுக்குள் கிடக்கும். அதன் பின்விளைவு அறிகுறி 6இல் வருகிறது.

நிரந்தரமாக. கிரான் வரியில் ஸ்கிரிப்டின் முன்னால் எஃப்லாக் கட்டளையை -n உடன் சேருங்கள். முந்தையது ஓடிக்கொண்டிருந்தால் புதியது அமைதியாக விலகிவிடும். "ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் விலகு" என்று கையால் எழுதிய பூட்டுகளை நம்பாதீர்கள். ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் கோப்பு அப்படியே இருக்கும், வேலை அதற்குப் பிறகு ஓடவே ஓடாது, அது யாருக்கும் தெரியவும் தெரியாது. எஃப்லாக்கின் பூட்டு பிராசஸ் செத்தவுடன் கெர்னலால் விடுவிக்கப்படுகிறது.

பல இயந்திரங்களிலிருந்து அதே வேலை வருமானால் எஃப்லாக் உதவாது. அப்போது பூட்டை டேட்டாபேஸிலேயே போடுங்கள்: மைஎஸ்கியூஎல்லில் கெட்_லாக், காத்திருப்பு 0 நொடி, போஸ்ட்கிரெஸில் பிஜி_ட்ரை_அட்வைசரி_லாக். இரண்டும் இணைப்பு அறுந்ததும் தாமாக விடுபடும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் முறையில் இருந்தால் மட்டும் எச்சரிக்கை. ஒரு இணைப்பில் எடுத்த பூட்டு வேறொருவர் கையில் போய் மாட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்டை நேரடி இணைப்பில் ஓட்டுங்கள்.

பூட்டோடு ஒரு கால வரம்பும் தேவை. போஸ்ட்கிரெஸில் ஸ்கிரிப்ட் பயனருக்கு மட்டும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் வைக்கலாம். மைஎஸ்கியூஎல்லின் மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் படிக்கும் செலக்ட் கொயரிகளை மட்டுமே கட்டுப்படுத்தும், மாற்றும் அப்டேட்டையும் நீக்கும் டெலீட்டையும் தொடாது.

பூட்டு போட்டதும் விவகாரம் முடிந்தது என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். எத்தனை முறை வேலை விலகியது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் விலகுகிறது என்றால் அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதவில்லை. அறிகுறி 4க்குப் போங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: ரோல்பேக் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் முடியவில்லை, பயனர்களோ வெளியே நிற்கிறார்கள் என்றால். அந்த நிலையில் கை வைக்கும் ஒவ்வொரு அமைப்பும் தரவை இழக்கும் ஆபத்துள்ளது.

## அறிகுறி 3: சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் பயனர்கள் காத்திருக்கிறார்கள்

கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். பயனர் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். மைஎஸ்கியூஎல் பதிவேட்டில் 1205 என்ற பிழை தென்பட்டால் ஐயமே வேண்டாம்: யாரோ ஒருவர் வரிகளைப் பூட்டி வைத்திருக்கிறார், மற்றவர் இயல்பு வரம்பான 50 நொடி காத்திருந்து திரும்பிப் போகிறார்.

டம்ப் (டேட்டாபேஸின் பிரதி) எடுக்கும் ஸ்கிரிப்டா? மைஎஸ்கியூஎல்டம்ப் தன் இயல்பு அமைப்பில் டேபிள்களைப் பூட்டிக்கொண்டுதான் படிக்கும். எழுத வருபவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். இன்னோடிபி டேபிள்களுக்கு சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பூட்டு இல்லாமலே சீரான பிரதி கிடைக்கும். ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு தீரும் பழுது இது.

டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போயிருக்கிறதா? டிரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாகவே நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு; கமிட் செய்தால்தான் அவை நிலைக்கும், பூட்டும் விடுபடும். ஸ்கிரிப்ட் ஒரு வரியை மாற்றும், பிறகு மின்னஞ்சல் அனுப்பும், வேறொரு நிறுவனத்தின் ஏபிஐயை அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கும், அதன் பிறகு கமிட் செய்யும். ஏபிஐ முப்பது நொடி தாமதித்தால் பூட்டும் முப்பது நொடி நீடிக்கும். போஸ்ட்கிரெஸில் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்ற நிலையில் இது தெரியும். மைஎஸ்கியூஎல்லில் பிராசஸ்லிஸ்ட் வெறும் "ஸ்லீப்" என்று காட்டி ஏமாற்றும். இன்னோடிபி_டிஆர்எக்ஸ் டேபிளில் பார்த்தால்தான் அந்தத் தூக்கக்காரர் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார் என்று தெரியும். பைத்தானின் சைகோபிஜி போன்ற இணைப்பு நூலகங்கள் ஒரு சாதாரண செலக்டுக்கும் கேட்காமலேயே டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தேவையானதைப் படித்து, கமிட் செய்து, வெளிவேலையை முடித்து, விடையை எழுத மறுபடி சிறியதாக ஒன்றைத் திறப்பதே முறை. காவலுக்கு, போஸ்ட்கிரெஸில் ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்.

ஒரே மூச்சில் அழிக்கிறதா? நான் மிக அதிகமாகப் பார்த்த பழுது இது. தொண்ணூறு நாளுக்கு முந்தைய பதிவுகளை நீக்கும் ஒற்றை டெலீட் வரி. எழுதியபோது டேபிளில் ஐம்பதாயிரம் வரி இருந்திருக்கும், இரண்டு நொடியில் முடிந்திருக்கும். இன்று நான்கு கோடி. அதே ஒற்றை வரி நாற்பது நிமிடம் பூட்டிவைத்திருக்கிறது. தேதிப் புலத்தில் இன்டெக்ஸும் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற அமைப்பு) இல்லையென்றால் நிலை இன்னும் மோசம். இன்னோடிபியின் இயல்பு நிலையில் டெலீட் தான் கடந்து போகும் வரிகளையெல்லாம் பூட்டும். நீக்கப்போகும் வரிகளோடு நிற்காது.

துண்டு துண்டாக நீக்குங்கள். ஆயிரம் வரி நீக்கு, கமிட் செய், அரை நொடி தூங்கு, மறுபடி ஆயிரம். நீக்கிய எண்ணிக்கை 0 ஆகும்வரை. ஆயிரமா ஐயாயிரமா என்று என்னிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள். ஒரு துண்டு அரை நொடிக்குள் முடிந்தால் அளவு சரி. இரண்டு நொடி எடுத்தால் பாதியாக்குங்கள். நடுவில் தூங்கும் அந்த அரை நொடிதான் பயனர்கள் உள்ளே நுழையும் வாசல். "வேகமாக முடியட்டும்" என்று அதை நீக்கிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் டெலீட்டோடு, இத்தனை வரி மட்டும் என்று சொல்லும் லிமிட்டைச் சேர்க்க முடியாது. எனவே முதன்மைச் சாவிகளை (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்புகள்) உள்கொயரியில் லிமிட்டோடு எடுத்து அவற்றை நீக்க வேண்டும். அங்கே அயல் சாவிப் புலங்களுக்கு (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் புலங்கள்) இன்டெக்ஸ் தானாக உருவாவதில்லை. தாய் டேபிளில் ஒரு வரியை நீக்கினால் சேய் டேபிள் முழுவதும் துழாவப்படும். துண்டு போட்டும் மெதுவாக இருந்தால் இதைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் இந்தச் சுழற்சியைத் தாமே எழுத விரும்பாதவர்களுக்கு பெர்கோனா டூல்கிட்டின் பிடி-ஆர்க்கைவர் இருக்கிறது.

இரவில் டேபிளின் அமைப்பை மாற்றுகிறதா? ஆல்டர், ட்ரன்கேட் போன்றவை கணப்பொழுது முழுப் பூட்டு கேட்கும். ஏற்கெனவே ஒரு நீண்ட செலக்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும், ஆல்டருக்குப் பின்னால் வரும் சின்னஞ்சிறு செலக்டுகளும் அதன் முதுகில் நிற்கும். மைஎஸ்கியூஎல்லில் "மெட்டாடேட்டா லாக்" என்ற சொல் பிராசஸ்லிஸ்டில் தெரிந்தால் இதுதான். அதன் லாக்_வெயிட்_டைம்அவுட் இயல்பு மதிப்பு 31536000 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஒரு வருடம். போஸ்ட்கிரெஸின் லாக்_டைம்அவுட் 0, அதாவது எல்லையே இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் இதை ஐந்து நொடியாக்கி, தோற்றால் பிறகு முயலச் சொல்லுங்கள்.

1213 என்ற டெட்லாக் பிழை (ஒருவர் பூட்டுக்கு மற்றவர் காத்து நிற்கும் முட்டுக்கட்டை) மட்டும் அவ்வப்போது வந்தால், இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே வரிகளை எதிரெதிர் வரிசையில் தொடுகின்றன. இரண்டையும் சாவி எண் வரிசையில் தொடவையுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: தினமும் நீக்க வேண்டியது கோடிக்கணக்கில் போய், துண்டு துண்டாக நீக்குவதே நாள் முழுவதும் ஓடும் வேலையாகிவிட்டால். டேபிளைத் தேதிவாரியாகப் பார்ட்டிஷன் செய்து (தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து) பழையதை ஒரே கட்டளையில் கழற்றிவிடலாம். உயிரோடு ஓடும் டேபிளில் அதைச் செய்ய அனுபவம் வேண்டும்.

## அறிகுறி 4: ஸ்கிரிப்ட் ஓடும்வரை சிபியு உச்சத்தில்

"நைஸ் போட்டு ஓட்டுகிறோமே, பிறகும் ஏன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். நைஸ் உங்கள் ஸ்கிரிப்டின் முன்னுரிமையைத்தான் குறைக்கும். கொயரியை அரைப்பது டேட்டாபேஸ் சர்வரின் பிராசஸ். அதற்கு உங்கள் நைஸ் பற்றி எதுவும் தெரியாது.

கொயரி எந்த வழியில் ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் ஓட்டி இன்டெக்ஸ் பயன்படுகிறதா என்று பாருங்கள். இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போக இரண்டு காரணங்கள் அடிக்கடி அகப்படும். ஒன்று, புலத்தைச் செயற்கூற்றுக்குள் சுற்றுவது: "தேதி(பதிவான_நேரம்) = நேற்று" என்று எழுதினால் சாதாரண இன்டெக்ஸ் படுத்துவிடும். "பதிவான_நேரம் நேற்று 0 மணி முதல், இன்று 0 மணிக்கு முன்" என்று வரம்பாக எழுதினால் எழுந்துகொள்ளும். மற்றொன்று, எழுத்துப் புலத்தில் சேமித்த எண்ணை மேற்கோள் குறியில்லாமல் ஒப்பிடுவது. மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்க உட்கார்ந்துவிடும்.

ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் வேகம், போகப்போக மந்தமா? ஆஃப்செட்டைத் தேடுங்கள். பத்து லட்சத்தைத் தாண்டி அடுத்த ஐந்நூறு வேண்டும் என்று கேட்டால் சர்வர் அந்தப் பத்து லட்சத்தையும் படித்து எறிந்துவிட்டுத்தான் ஐந்நூறைத் தரும். கடைசியாகப் பார்த்த சாவியை நினைவில் வைத்து "அதைவிடப் பெரியவை, ஐந்நூறு" என்று கேளுங்கள்.

ஸ்லோ கொயரி பதிவேட்டில் ஒன்றுமே இல்லை, ஆனால் சிபியு எரிகிறதா? முதலில் அந்தப் பதிவேடு இயங்குகிறதா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் அது இயல்பாக அணைந்திருக்கும், இயக்கினாலும் 10 நொடிக்கு மேற்பட்டவற்றைத்தான் எழுதும். ஒரு நொடிக்குக் குறையுங்கள். அப்போதும் காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு கொயரி விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லி நொடிதான். மொத்தம் இருபது லட்சம். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ், மைஎஸ்கியூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா இரண்டிலும் அழைப்பு எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் திருடன் முதல் வரியில் நிற்பான். ஐந்நூறு வாடிக்கையாளர்களை ஒரே கொயரியில் எடுங்கள், அல்லது ஜாயின் செய்யுங்கள்.

அடுத்த படி, தினமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிடுவதை விட்டு, மாறியதை மட்டும் கணக்கிடுவது. "கடைசியாக மாறிய நேரம்" என்ற புலத்தை நம்பி இதைச் செய்தால் ஒரு ஓட்டை உண்டு. 1.58க்கு மாற்றப்பட்டு 2.01க்குக் கமிட் ஆன வரி, 2.00 மணி ஓட்டத்தின் கண்ணில் படாது. அடுத்த ஓட்டம் 2.00க்குப் பிந்தியவற்றையே கேட்பதால் அதிலும் வராது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பின்னால் போய்த் தொடங்குங்கள். ஒரே வரியை இரண்டு முறை செயலாக்கினாலும் விடை மாறாதபடி ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ரிப்போர்ட்களைத் தனி ரெப்ளிகாவுக்கு (தரவின் நகலைத் தொடர்ந்து பெறும் மற்றொரு சர்வர்) நகர்த்துவதும், கூடுதல் சிபியு வாங்குவதும்.

## அறிகுறி 5: சிபியு குறைவு, லோடு ஆவரேஜ் அதிகம், டிஸ்க் மூச்சு வாங்குகிறது

லினக்ஸின் லோடு ஆவரேஜ், அதாவது ஓடுவதும் காத்திருப்பதுமான பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, டிஸ்குக்காகக் காத்திருக்கும் பிராசஸ்களையும் சேர்த்தே எண்ணும். விஎம்ஸ்டாட் கட்டளையின் வெளியீட்டில் wa (டிஸ்குக்கான காத்திருப்பு) என்ற இடத்தில் எண் பெரிதாக இருந்தால் டிஸ்க்தான்.

ஏற்றுமதி இறக்குமதி ஸ்கிரிப்ட் என்றால், வரிக்கு ஒரு கமிட் நடக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் சர்வர் தன் பதிவை டிஸ்கில் இறக்கி உறுதிசெய்துகொள்ளும். ஒரு லட்சம் வரிக்கு ஒரு லட்சம் உறுதி. ஆயிரம் வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றினால் மணிக்கணக்கு நிமிடக்கணக்காவதை நேரில் காணலாம். போஸ்ட்கிரெஸில் இன்செர்டுக்குப் பதில் காப்பி. இதற்குக் குறுக்குவழியாக அந்த உறுதியையே சர்வர் முழுவதற்கும் தளர்த்திவிடச் சொல்லும் அறிவுரைகள் உலவுகின்றன. மின்சாரம் போகும் நாளில் கடைசிக் கமிட்கள் காணாமல் போகும். செய்யாதீர்கள்.

இரண்டாவது, அதே நேரத்தில் பேக்கப் ஓடுகிறதா? முன்னால் எழுதிய பட்டியலைப் பாருங்கள். மூன்றாவது, அதே விஎம்ஸ்டாட்டில் si, so இரண்டும் 0க்கு மேல் ஆடுகின்றனவா? ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ் இருக்கும் இயந்திரத்திலேயே ஓடி, முழு விடையையும் ஒரே அள்ளாக நினைவகத்தில் ஏற்றி, டேட்டாபேஸை டிஸ்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்குத் தள்ளுகிறது; si, so அந்தப் போக்குவரத்தின் அளவுகள். ஸ்கிரிப்டை வேறு இயந்திரத்துக்கு மாற்றுங்கள், அல்லது கர்சர் வைத்துச் சிறிது சிறிதாக எடுங்கள்.

மேகக் கணினியில், வேலை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அதே நேரம் வேகமாக ஓடிவிட்டுத் திடீரென்று தவழ்ந்தால் கொயரியில் தேட வேண்டாம். சில வகை டிஸ்க்குகள் சேமித்துவைத்த பர்ஸ்ட் கிரெடிட் தீர்ந்ததும் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். வேலையைப் பரப்பி ஓட்டுங்கள். முடியாவிட்டால் நிலையான வேகமுள்ள டிஸ்க்குக்குப் பணம் கொடுங்கள். பணம் கொடுத்தே தீர வேண்டிய இடங்களில் இது ஒன்று.

## அறிகுறி 6: ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, காலையிலும் தளம் மந்தம்

பெருமளவு ஏற்றிய பிறகு, டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓட்டினீர்களா? நேற்றைய புள்ளிவிவரத்தை நம்பிச் சர்வர் தவறான வழியில் போய்க்கொண்டிருக்கலாம். ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அதைச் சேர்த்துவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸில் அடுத்த சந்தேகம் செத்த வரிகள். அவற்றைத் தானாகத் துடைக்கும் ஆட்டோவேக்யூம் இயல்பாக டேபிளின் 20 சதவீதம் அளவுக்குச் செத்த வரிகள் சேர்ந்த பிறகுதான் துடைப்பத்தை எடுக்கும். பத்துக் கோடி வரி உள்ள டேபிளில் அது இரண்டு கோடி. அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் விகிதத்தை 0.01 அளவுக்கு இறக்குங்கள். துடைத்தும் குறையவில்லை என்றால், எங்கேயோ மணிக்கணக்காகத் திறந்துகிடக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன் பழைய வரிகளைப் போகவிடாமல் பிடித்திருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் இதன் தம்பி, ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் என்ற எண். அது ஏறிக்கொண்டே போனால் அங்கேயும் நீண்ட டிரான்சாக்‌ஷனைத் தேடுங்கள்.

டேபிள் ஊதிப்போய் இடத்தைத் திரும்பப் பெற வேண்டிய நிலை என்றால் வேக்யூம் ஃபுல் ஓட்டும் முன் அனுபவமுள்ளவரைக் கேளுங்கள். அது முடியும்வரை டேபிளை முழுமையாகப் பூட்டிவைக்கும்.

## அறிகுறி 7: புதிய இணைப்பே கிடைக்கவில்லை

மைஎஸ்கியூஎல்லின் இயல்பு வரம்பு 151 இணைப்பு, போஸ்ட்கிரெஸில் 100. வரம்பை உயர்த்தும் முன் யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சுழற்சிக்குள் இணைப்பைத் திறந்து மூடாமல் விடும் ஸ்கிரிப்டும், இருபது பணியாட்களை ஒரே நேரத்தில் கிளப்பும் ஸ்கிரிப்டும்தான் வழக்கமான ஆட்கள். மைஎஸ்கியூஎல் சும்மா கிடக்கும் இணைப்பை 28800 நொடி, அதாவது எட்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் பயனருக்கு ஐந்து இணைப்பு என்று வரம்பு வைத்துவிட்டால் இணையதளத்தின் பங்கில் அது கை வைக்க முடியாது.

## அறிகுறி 8: ரெப்ளிகா மணிக்கணக்கில் பின்தங்குகிறது

மைஎஸ்கியூஎல்லில் மூலச் சர்வர் ஒரு டிரான்சாக்‌ஷனைக் கமிட் செய்த பிறகுதான் ரெப்ளிகாவுக்கு அனுப்பும். ஒரு மணி நேர அப்டேட் முடியும் நொடியில் ரெப்ளிகா அதைத் தொடங்குகிறது. அறிகுறி 3இன் துண்டு முறை இதற்கும் மருந்து. துண்டுகளுக்கிடையே பின்தங்கிய அளவைப் பார்த்து, அதிகமானால் நின்று போகச் செய்யுங்கள். முதன்மைச் சாவி இல்லாத டேபிள் ஏதாவது இருந்தால் அதற்கு முதலில் சாவி கொடுங்கள். இல்லையென்றால் ரெப்ளிகா மறுபடி மறுபடி டேபிள் முழுவதையும் துழாவிக்கொண்டிருக்கும்.

## நிபுணரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

பழைய கிரான்டேப்பின் பிரதி, திணறிய நேரத்தில் எடுத்த பிராசஸ்லிஸ்ட் கோப்பு, சந்தேகப்படும் கொயரியின் எக்ஸ்பிளெய்ன், கடைசியாக எந்த நாள் வரை ஒழுங்காக ஓடியது என்ற தேதி. கடைசி ஒன்றுதான் பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை. எல்லா ஸ்கிரிப்டும் முடியும்போது ஒரே ஒரு வரி எழுதட்டும்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தொட்ட வரிகளின் எண்ணிக்கை. வரிகள் அதே அளவில் இருக்க நேரம் மட்டும் ஒரே இரவில் பத்து மடங்கானால் கொயரியின் பாதை மாறியிருக்கிறது அல்லது யாரோ பூட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து மாதந்தோறும் மெல்ல ஏறினால் டேபிள் வளர்ந்திருக்கிறது. எந்தத் தலைப்பில் தொடங்க வேண்டும் என்பதை வருகிறவர் அந்த ஒரு வரியிலிருந்தே முடிவுசெய்துகொள்வார்.